பனிநாட்டிற் பட்டறையைச் சூடாக்குதல்

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றிலே, தகரக் கூரை வேய்ந்த மோட்டார்க் கராஜ் ஒன்றினுள் நண்பகல் வேளையில் நுழைபவர் முதலில் உணர்வது எண்ணெயின் நெடியையன்று. தலைமேல் இறங்கும் வெப்பத்தையே. முன்புறம் கதவின்றித் திறந்து கிடக்கும். சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழ இடைவெளி விடப்பட்டிருக்கும். மூலையிலே மின்விசிறி ஒன்று ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். அங்கே வாகனத்தின் அடியிற் படுத்து வேலைசெய்பவரிடம், பட்டறையைச் சூடாக்கும் வழி யாது என்று ஒருவர் வினவினால், வினவியவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றே அவர் எண்ணுவார். இரவு வேளையிலேனும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது கொழும்பில் அரிது.

ஆயினும் இவ்வினா வீண் வினா அன்று. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கிருலப்பனை முதலிய பகுதிகளிலிருந்து கனடா சென்று ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிற் குடியேறியோர் மிகப் பலர். கைத்தொழில் அறிந்தவர் அங்கே வீடொன்று வாங்கியதும், வாகனம் நிறுத்துவதற்கென வீட்டோடு கட்டப்பட்ட கராஜையே தம் பட்டறையாக்கிக் கொள்ள விரும்புவது இயல்பு. அங்கு ஜனவரி மாதத்து இரவுகளிற் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரை குளிர் இறங்குவது வழக்கம். கடுமையான நாட்களில் 20 பாகையும் காணலாம். விரல்கள் விறைத்து, பிடித்த சாவி நழுவும். எண்ணெய் பாகுபோலத் தடிக்கும். நீர் கலந்த வண்ணமும் பசையும் ஒருமுறை உறைந்தால் மீண்டும் பயன்படா. ஆகவே சூடாக்காமல் வேலை இல்லை.

இங்கே ஒரு விந்தை உண்டு. வெப்பத்தைப் பற்றிக் கிருலப்பனையிற் கற்றவை யாவும் ஸ்காபரோவிற் பயன்படும். ஆனால் அனைத்தையும் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். வெப்பம் மூன்று வழிகளிற் செல்லும் என்பது பாடசாலைப் பாடம். தகரத்தைத் தொட்டால் கை சுடுவது கடத்தல். சூடேறிய காற்று மேலெழுந்து கூரையிடைவெளி வழியே வெளியேறுவது மேற்காவுகை. தொடாமலே, காற்றின் துணையுமில்லாமலே, தகரம் தலையைச் சுடுவது கதிர்வீசல். இங்குள்ள கொத்தனார் வெப்பம் வெளியேற வழி திறக்கிறார். அங்குள்ளவர் அதே வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

அடைப்பதே முதல் வேலை. இதனைச் செய்யாது பெரிய சூடாக்கி ஒன்றை வாங்குபவர், ஓட்டை வாளியில் நீர் இறைப்பவர் ஆவார். கராஜின் அகன்ற கதவு பெரும்பாலும் மெல்லிய உருக்குத் தகடே; அதன் அடியிலுள்ள இறப்பர்ப் பட்டி தேய்ந்திருந்தால் குளிர்காற்று தரையோடு தரையாய் உட்புகும். பட்டியை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது, பயன் பெரிது. பின்னர் சுவரின் மரச்சட்டங்களுக்கிடையே கண்ணாடி நார்ப் பஞ்சு வைக்க வேண்டும். சூடான காற்று மேலே செல்வதால், உட்கூரையில் அதனை மேலும் தடிப்பாக இடவேண்டும். கொங்கிறீற்றுத் தரை குளிரைக் கால்வழியே ஏற்றும். நிற்கும் இடத்தில் ஒரு மரப்பலகையோ தடித்த இறப்பர் விரிப்போ இட்டால், அதுவே பாதிச் சூடாக்கிக்குச் சமம். வீட்டுக்கும் கராஜுக்கும் இடையேயுள்ள சுவரிலும் கதவிலும் துளை எதுவும் இருத்தலாகாது. அக்கதவு தானே மூடிக்கொள்ளும்படி அமைய வேண்டும் என்பது ஒன்ராறியோவின் கட்டட விதி. இவ்விதி வெப்பத்தைக் காப்பதற்காக மட்டும் எழுதப்பட்டதன்று; அதன் காரணம் பின்னர் வரும்.

எவ்வளவு வெப்பம் தேவை? இரண்டு வாகனம் நிற்கும் கராஜ் ஏறத்தாழ 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. பரப்பு 400 சதுர அடி. பஞ்சு வைத்து அடைத்த இடத்துக்குச் சதுர அடி ஒன்றுக்கு 10 வாற்று என்பது தொழிலாளரின் கைக்கணக்கு. அக்கணக்கில் 4,000 வாற்று வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறு மின்சூடாக்கி 1,500 வாற்றே தரும். கனடாவின் சாதாரண மின்செருகி 120 வோல்ற்று உடையது. அச்சிறு சூடாக்கியே அதில் 12.5 அம்பியர் இழுத்துவிடும். பொதுவாக ஒரு சுற்று தாங்குவது 15 அம்பியர்தான். கொழும்பின் 230 வோல்ற்றுக்குப் பழகியவர் இதனை மறந்து, ஒரே சுற்றில் இரு சூடாக்கிகளை மாட்டுவதும், நீண்ட மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் ஒன்றைத் தொடுப்பதும் உண்டு. கம்பி சூடேறித் தீப்பற்ற அதுவே போதும். 240 வோல்ற்றில் இயங்கும் பெரிய சூடாக்கியே தக்கது. அதற்குத் தனிச் சுற்று வேண்டும், உரிமம் பெற்ற மின்வினைஞரும் வேண்டும்.

பட்டறை முழுவதையும் சூடாக்காது, வேலைசெய்பவரை மட்டும் சூடாக்கலாம். கதிர்வீசும் சூடாக்கி அவ்வகையினது. கிருலப்பனைத் தகரக் கூரை செய்யும் அதே வேலையை இது செய்கிறது; இங்கே சாபமாக இருந்தது அங்கே வரமாகிறது. சாணைக்கல்லின் முன்னே ஒரு மணி நேரம் நிற்பவருக்கு இது போதுமானது. துணி, மரத்தூள், தாள் முதலியன இதிலிருந்து ஒரு மீற்றருக்கு அப்பால் இருத்தல் வேண்டும்.

கொழும்பு வீடுகளிற் படுக்கையறையைக் குளிர்விக்கும் ‘ஏசி’ இயந்திரத்தையும் இவ்விடத்திற் குறிப்பிட வேண்டும். அது குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளேயிருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. அதனையே திருப்பி இயக்கினால் வெளியேயுள்ள வெப்பத்தை உள்ளே கொணரும். பனிக்காற்றிலும் வாரி எடுக்கத்தக்க வெப்பம் உண்டு என்பது வியப்பாயினும் உண்மை. மிதமான குளிரில் ஓரலகு மின்சாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். குளிர் கடுமையாகும்போது இப்பயன் குறையும். முதற் செலவு மிகுதி. நாள்தோறும் பட்டறையில் இருப்பவருக்கே இது கட்டுபடியாகும்.

எதனை வைத்தாலும், வெப்பநிலையை அளவோடு வைத்தல் நன்று. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை. உள்ளே 20 பாகை வேண்டுமெனில் வித்தியாசம் 30. கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு 12 பாகையோடு அமைபவருக்கு வித்தியாசம் 22 மாத்திரமே. இழக்கும் வெப்பம் இவ்வித்தியாசத்துக்கு ஏற்றதாதலால், செலவிற் காற்பங்குக்கு மேல் மிஞ்சும்.

அடுத்தது எரிவாயு. உட்கூரையில் தொங்கவிடும் எரிவாயுச் சூடாக்கியின் இயல்பை விளங்கிக்கொள்ள ஹற்றனிலோ நுவரெலியாவிலோ உள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்று பார்த்தல் போதும். அங்கே அடுப்பில் விறகு எரிகிறது. அதன் புகை தேயிலையிற் பட்டால் மணம் கெட்டுவிடும். எனவே புகை இரும்புக் குழாய்களின் உள்ளே ஓடிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. குழாய்களின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறிய தூய காற்று மாத்திரமே உலர்த்தும் பெட்டிக்குட் செல்கிறது. நல்ல எரிவாயுச் சூடாக்கியும் இவ்வாறே: எரிதல் ஓர் அறையில், மனிதர் சுவாசிக்கும் காற்று வேறோர் அறையில். எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே பெறும் வகை மேலும் சிறந்தது. பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. தரையில் தேங்கி நிற்கும். ஆதலாற் சுவாலையோ தீப்பொறியோ உள்ள கருவி தரையிலிருந்து 18 அங்குலத்துக்கேனும் மேலே இருக்க வேண்டும். இதனைப் பொருத்துபவர் ஒன்ராறியோவில் அதற்குரிய உரிமம் பெற்றவராய் இருத்தல் சட்டப்படி அவசியம். கைத்தொழில் நன்கறிந்தவர்களுக்கு இவ்விதி சிறிது கசக்கும். தாமே செய்யத் தெரிந்ததைப் பிறருக்குக் காசு கொடுத்துச் செய்விப்பதா என்பர். இந்த ஒரு வேலையில் அவ்வீம்பு ஆகாது.

புகைபோக்கி இல்லாத புரோப்பேன் சூடாக்கிகளும் மண்ணெண்ணெய்ச் சூடாக்கிகளும் விற்கப்படுகின்றன. மலிவானவை, உடனே சூடு தருபவை. அவற்றிலுள்ள முதற் குறை நீராவி. ஒரு கிலோகிராம் புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி உண்டாகும். அது குளிர்ந்த சாவிகளின்மீதும் உருக்குத் தகடுகள்மீதும் பனித்துளியாய்ப் படியும். ஒரு பனிக்காலம் கழிய, ஆயுதப் பெட்டி முழுவதும் துரு.

மற்றக் குறை உயிரைப் பற்றியது. எரிபொருள் எதுவாயினும், காற்றுப் போதாத இடத்தில் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான விருப்போடு இதனைப் பற்றிக்கொள்ளும். நெஞ்சு காற்றை இழுத்துக்கொண்டேயிருக்கும். உடலோ ஒட்சிசனின்றி வாடும். முதலில் தலையிடி, பின் குமட்டல், பின் சோர்வு. தடிமன் காய்ச்சலென்றோ உணவு ஒவ்வாமையென்றோ எண்ணி ஒருவர் சற்றே படுத்துக்கொள்ள நினைப்பார். அப்படுக்கையிலிருந்து அவர் எழாமற் போகலாம். இவ்வாயுவைத் தம் உடலிலேயே சோதித்து ஆராய்ந்த ஜோன் ஸ்கொற் ஹோல்டேன், சுரங்கத் தொழிலாளர் சிறு பறவைகளைக் கூண்டில் உடன்கொண்டு செல்ல வேண்டும் என 1890களில் அறிவுறுத்தினார். மனிதனுக்கு முன்னரே பறவை மயங்கி விழும். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986 வரை நீடித்தது.

வெப்பநாட்டில் வளர்ந்தவருக்கு இவ்வாபத்து எளிதிற் புலப்படாமைக்குக் காரணம் உண்டு. சிரட்டைக்கரி இட்ட இஸ்திரிப் பெட்டியின் அருகே நாள் முழுவதும் நின்றவர் கொழும்பில் எத்தனையோ பேர். அவருக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை. ஏனெனில் அவர் நின்ற கடைக்கு முன்சுவர் இல்லை. கிருலப்பனைக் கராஜில் வாகனத்தின் இயந்திரத்தை இயங்கவிட்டே பழுது பார்க்கலாம். காற்று வந்து புகையைக் கொண்டு போய்விடும். கரி தீங்கற்றது, புகை தீங்கற்றது என்று அனுபவம் கற்பிக்கிறது. உண்மையிற் காத்தது அச்சுவரில்லாமையே. ஸ்காபரோவில் ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தபின் அதே கரியை, அதே இயந்திரத்தை உள்ளே எரியவிடுவது மரணத்தை அழைப்பதாகும். பனிநாடு வரை போகவும் வேண்டியதில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கும் தமிழ்நாட்டின் கொடைக்கானலுக்கும் விடுமுறையில் சென்றவர்கள், இறைச்சி வாட்டிய கரியடுப்பைக் குளிருக்காக அறையினுள் எடுத்துச் சென்று கதவை மூடிப் படுத்து, விடியலிற் பிணமாகக் கிடந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்துள்ளன. வெள்ளைக்காரர் நுவரெலியாவிற் கட்டிய பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி உண்டு. அது அழகுக்காகக் கட்டப்பட்டதன்று.

ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் 2008 டிசெம்பரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வர், தாயும் தந்தையும் இரு பிள்ளைகளும், இவ்வாயுவால் இறந்தனர். வீட்டின் எரிவாயுக் கணப்பினது புகைவழி அடைபட்டிருந்தது. தாய் பொலிஸ் உத்தியோகத்தர். அபாயம் அறியாத குடும்பமன்று. உறவினர் ஒருவரின் இடைவிடா முயற்சியால், அக்குடும்பத்தின் பெயரையே தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறிற்று. எரிபொருட் கருவியோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளின் அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. ஒட்டிய கராஜ் என்னும் சொல் அச்சட்டத்தில் இடம்பெற்றிருப்பதே, தானே மூடும் கதவின் காரணத்தையும் விளக்கும்.

புகையை அறியும் கருவி இவ்வாயுவை அறியாது, இரண்டும் வேறு. சாதாரணக் கருவி வாகனப் புகையிலும் உறைகுளிரிலும் வைக்கத் தக்கதன்று. வீட்டினுள்ளே வைக்க வேண்டும். பட்டறைக்குள்ளும் ஒன்று வேண்டுமெனிற் குளிர் தாங்குவதற்கென்றே செய்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இக்கருவிகளின் ஆயுள் 7 முதல் 10 ஆண்டுகள். முடிவுத் திகதி பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அது ஒலித்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருத்தல் ஆகாது. அனைவரும் வெளியே வந்து, எண்ணிக்கை சரியா என்று பார்த்து, பனியில் நின்றபடியே 911க்கு அழைத்தல் வேண்டும். தீயணைப்புப் படையினர் சொல்லும் வரை, மறந்துவந்த மேற்சட்டைக்காகவும் உள்ளே திரும்புதல் கூடாது.