கேரவனை இழுக்கும் முன் எடையைப் பாருங்கள்

பெர்த்தில் இருக்கும் அண்ணன் புதிதாகக் கேரவன் வாங்கினார். பள்ளி விடுமுறைக்கு நாங்களும் போயிருந்தோம். அரிசி மூட்டை, கிரைண்டர், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் பின்பக்கத்தில் அடுக்கினோம். நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. காரில் பிள்ளைகள்! அண்ணன் பிரேக்கை மிதிக்கவில்லை. எண்ணெய் மிதியிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தார். ஆட்டம் அடங்கியது. என் கை நடுக்கம்தான் அடங்கவில்லை.

முதன்முறை வாங்குவோருக்குச் சில குறிப்புகள்:

கனமான பொருள்களைச் சக்கர அச்சுக்கு அருகில், தரையோடு வையுங்கள். கார்க் கொக்கியில் இறங்கும் எடை, கேரவன் எடையில் ஏறக்குறைய 10 விழுக்காடு இருக்கட்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவான கணக்கு. ஆனால், காருக்கும் கொக்கிக்கும் உரிய வரம்பைத் தாண்டக்கூடாது.

தண்ணீரும் சுமைதான். 80 லிட்டர் தொட்டி நிறைந்தால் 80 கிலோ.

புறப்படுமுன் பாதுகாப்புச் சங்கிலி, விளக்குகள், டயர் காற்று ஆகியவற்றைச் சரிபாருங்கள். எரிவாயுத் தோம்பை மூடுங்கள்.

குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

மறுநாள் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினோம். கேரவன் ஆடவில்லை. கிரைண்டர் மட்டும் அண்ணி வீட்டிலேயே தங்கிவிட்டது.