உயிர் அளக்கும் கருவிகள் – 9: தாளின் ஓரத்தில் ஒரு செவ்வகம்

இ.சி.ஜி. தாள் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் அலைகளுக்குத்தான் போகும். அலைகள் தொடங்குமுன், சில கருவிகளில் முடிந்த பிறகு, ஓரத்தில் ஒரு சின்னச் செவ்வகம் நிற்கும். உயரம் 10 மில்லிமீட்டர், அகலம் 5. ஒரு மில்லிவோல்ட் இந்தத் தாளில் எவ்வளவு உயரம் எழும் என்று கருவி போட்டுக் காட்டும் அளவுகோல் அது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்தக் கணக்கு நெதர்லாந்தின் லைடன் நகரிலிருந்து வந்தது. இதயத்தின் மின்சாரத்தை அளக்க வில்லெம் எய்ந்தோவன் வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் காந்தப்புலத்தின் நடுவே கட்டியிருந்தார். ஒரு மில்லிவோல்ட் கொடுத்தால் இழையின் நிழல் ஒரு சென்டிமீட்டர் நகர வேண்டும். அதுவரை இழையின் இழுவிசையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இழை போய்விட்டது, அளவு இன்னும் மாறவில்லை.

இவ்வளவு கறார் எதற்கு? இடது கீழறை தடித்திருக்கிறதா என்று பார்க்க, மார்பில் வைக்கும் லீடுகளில் வி1-இல் கீழிறங்கும் அலையையும் வி5 அல்லது வி6-இல் மேலெழும் அலையையும் கூட்டுவார்கள். 35 மில்லிமீட்டரை எட்டினால் சந்தேகம். கருவி 20 சதவீதம் கூட்டிக் காட்டினால் 30 என்பது 36 ஆகிவிடும். நல்ல இதயத்துக்கு ஒரு நோய் ஒட்டிக்கொள்ளும். குறைத்துக் காட்டினால் இன்னும் மோசம். மாரடைப்பைச் சொல்லும் எஸ்.டி. உயர்வு சில சமயம் ஒரே மில்லிமீட்டர்தான். பெரிய அலைகள் தாளில் அடங்காதபோது அளவைப் பாதியாக்கிப் பதிவார்கள். திருப்பி வைக்க மறந்தால் அடுத்த நோயாளிக்கு எல்லாம் பாதி. அப்போது அந்தச் செவ்வகமும் 5 மில்லிமீட்டர் உயரமாகக் குறுகி நிற்கும். தாளில் அதைவிடப் பளிச்சென்ற சாட்சி கிடையாது.

ஆனால் அதன் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு. செவ்வகத்தை வரையும் அந்த மின்துடிப்பு கருவிக்குள்ளேயே பிறக்கிறது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் மென்பொருளே அதை வரைந்துவிடுகிறது. நோயாளியின் மார்பிலிருந்து வரும் கேபிளுக்குள் கம்பி அறுந்திருந்தாலும் செவ்வகம் அழகாகவே வரும். அதனால்தான் பயோமெடிக்கல் இன்ஜினியர், இதயத்தின் மின் அலைகளைப் போலவே அலைகள் தரும் சிமுலேட்டரோடு வருகிறார். நோயாளியின் இடத்தில் அந்தப் பெட்டி. லீட் வயர்களை அதில் மாட்டி, நிமிடத்துக்கு 60 துடிப்பு, ஒரு மில்லிவோல்ட் என்று வைப்பார். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது என்றால் இரண்டு சிகரங்களுக்கு நடுவே சரியாக ஐந்து பெரிய கட்டங்கள் இருக்க வேண்டும். தாள் மெதுவாக ஓடினால் சிகரங்கள் நெருங்கும், நாடித்துடிப்பு கூடுதலாகத் தெரியும்.

படுக்கையருகே இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கும் மானிட்டருக்கு இதோடு முடியாது. 30, 120 என்று துடிப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வயரைக் கழற்றினால் அது சொல்ல வேண்டும். துடிப்பை அடியோடு நிறுத்தினால் 10 நொடிக்குள் அலாரம் அடிக்க வேண்டும். அது நர்ஸ் உட்காரும் இடம்வரை கேட்கவும் வேண்டும். எண்கள் எல்லாம் சரியாக இருந்து, சத்தத்தை யாரோ குறைத்து வைத்திருந்தால் அந்த மானிட்டரால் என்ன பயன்?

பரிசோதனை முடிந்ததும் பக்கவாட்டில் தேதி போட்ட ஸ்டிக்கர் ஏறும். எனக்கு அது போதாது. எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு காட்டியது, எத்தனை சதவீதம்வரை விலகலாம் என்று எழுதிய அறிக்கை மருத்துவமனையில் இருக்க வேண்டும். அந்த சிமுலேட்டரை யார் சரிபார்த்தார்கள் என்பதும் அதில் வேண்டும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும்.

இதயத்தைக் கவனிக்கும் கருவி இது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைச் சோதிப்பது வேறு வேலை. 200 ஜூல் என்று வைத்தால் உண்மையில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதை அடுத்த வாரம் அளந்து பார்ப்போம்.

(தொடரும்)