பாடுவோருக்குத் தம் குரல் கேட்கட்டும்



பங்குத் திருவிழா நெருங்கும்போது பாடகர் குழுவிடமிருந்து தவறாமல் ஒரு வேண்டுகோள் வரும்: "ஃபாதர், நாங்க பாடுறது எங்களுக்கே கேக்கல, ஒரு மானிட்டர் வாங்கணும்." இது நியாயமான வேண்டுகோளே. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக் கோவில்களில் சன்னல்கள் திறந்திருக்கும், மின்விசிறிகள் சுழலும், நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தம் உள்ளே வரும். தன் குரல் கேட்காதவர் சுருதி தவறுவார், அல்லது கத்துவார். சத்தத்தின் நடுவே மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விளக்கினார்.

ஆனால் மானிட்டர் வந்தபின் புதிய தொல்லை தொடங்குகிறது. செபத்தின் நடுவே மைக் விசிலடிக்கிறது. அதை நிறுத்த இன்னொரு கருவி, அதற்குத் துணையாக மற்றொன்று என்று பங்குப் பணம் கரைகிறது. எது தேவை, எது தேவையில்லை என்று சிந்திப்போம்.

மானிட்டர் என்பது பாடுவோரை நோக்கிச் சாய்த்து வைக்கப்படும் ஒலிபெருக்கி. மிக்சரில் 'ஆக்ஸ்' எனும் தனி வழியில் இதற்கு ஒலி போகிறது. அந்த வழி 'ப்ரீ ஃபேடர்' நிலையில் இருந்தால், மக்களுக்கான ஒலியை ஏற்றி இறக்கினாலும் பாடுவோர் கேட்பது மாறாது. மானிட்டரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி மானிட்டர் வழியே வந்து சுற்றிக்கொண்டே இருந்தால் அதுவே விசில். ஃபீட்பேக் என்பதும் இதைத்தான்.

1. கருவி வாங்குமுன்

செலவில்லாத மருந்துகள் முதலில். வாய்க்கும் மைக்குக்கும் 60 செ.மீ. இடைவெளி இருந்தால் அதை 30 ஆக்குங்கள். மைக்கைச் சேரும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். திறந்திருக்கும் மைக்குகள் 4 என்பது 8 ஆனால், விசிலடிக்காமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். எனவே பாடாதவரின் மைக்கை மூடிவையுங்கள். சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது மந்தம்; மானிட்டர் அந்தத் திசையில் இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்டு மைக் என்றால் நேர் பின்னால் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. இளையோருக்கு இதைச் சொல்லித் தர வேண்டும்.

2. எதை வாங்குவது?

முதலிடம் ஈக்குவலைசருக்கு. 31 பட்டைகள் கொண்ட கிராஃபிக் ஈக்குவலைசர், ஒவ்வொரு மானிட்டர் வழிக்கும் ஒரு சேனல் வீதம் வேண்டும். மக்களுக்கான ஒலிபெருக்கியும் மானிட்டரும் ஒரே சேனலைப் பகிர்ந்தால், ஒன்றுக்குச் செய்யும் மருத்துவம் மற்றதைக் கெடுக்கும்.

இரண்டாவது லிமிட்டர். மைக் கீழே விழுந்தாலோ ஒயரைப் பிடுங்கினாலோ எழும் திடீர் வெடிப்பொலியிலிருந்து பாடுவோரின் காதையும் ஒலிபெருக்கியையும் இது காக்கும்.

ஃபீட்பேக்கைத் தானே கண்டுபிடித்து வெட்டும் கருவிகளும் கிடைக்கின்றன. அவை உதவும், ஆனால் புல்லாங்குழலோ கீபோர்டோ இழுத்துப் பிடிக்கும் ஒரு சுரத்தை விசில் என்று எண்ணி வெட்டிவிடுவதும் உண்டு. திருப்பலிக்கு முன்பே வெட்ட வேண்டியதை வெட்டி, நிலையாகப் பூட்டி வைப்பது நல்லது.

கம்ப்ரசர் மானிட்டருக்குப் பெரும்பாலும் வேண்டாம். உரத்த குரலை அது அமுக்குவதால், பாடுபவர் கேட்கவில்லை என்று இன்னும் உரக்கப் பாடுவார். அமுங்கிய அளவை ஈடுகட்ட ஒலியை ஏற்றினால், பாடாத வேளையில் விசில் எட்டிப் பார்க்கும். கேட் எனும் கருவி மெல்லிய குரலின் தொடக்கத்தை விழுங்கிவிடும். பாடகர் குழுவுக்கு அது பொருந்தாது. எக்கோ, ரிவெர்ப் இரண்டும் மக்களுக்குப் போகும் ஒலியில் அளவாக இருக்கட்டும். மானிட்டரில் சேர்த்தால் சொல்லும் சுருதியும் மங்கும்.

டிஜிட்டல் மிக்சர் உள்ள பங்குகள் ரிச்சி தெருவுக்குப் புறப்படுமுன் மிக்சருக்குள்ளேயே தேடிப் பார்க்கட்டும். 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 போன்றவற்றில் ஒவ்வொரு மானிட்டர் வழிக்கும் ஈக்குவலைசரும் கம்ப்ரசரும் உள்ளேயே இருக்கின்றன. அந்தக் கம்ப்ரசரையே லிமிட்டராகவும் அமைக்கலாம்.

3. அமைக்கும் முறை

திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பு, மைக்குகளும் மானிட்டரும் தத்தம் இடத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியவை:

முதலில், குரல் மைக்குகளில் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுங்கள். மின்விசிறிக் காற்றின் இரைச்சலும் மேடை அதிர்வும் பெருமளவு குறையும்.

அடுத்து, ஈக்குவலைசரின் பட்டைகள் அனைத்தையும் நடுவில் வைத்து, மானிட்டரை மெல்ல ஏற்றுங்கள். ஏதோ ஒரு சுரம் ரீங்கரிக்கத் தொடங்கும். அதற்குரிய பட்டையைக் கண்டுபிடித்து 3 டெசிபல் மட்டும் இறக்குங்கள். இப்படி மூன்று அல்லது நான்கு முறை போதும். அதற்கு மேல் வெட்டினால் குரல் தகர டப்பா போல ஒலிக்கும். மைக்கின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முடிவில் மொத்த ஒலியை 6 டெசிபல் இறக்கி விடுங்கள். கோவில் நிறைந்ததும் ஒலி மாறும் என்பதால் இந்த இடைவெளி தேவை. பிறகு பட்டைகளின் நிலையை ஒரு தாளில் குறித்து வையுங்கள், அல்லது படம் எடுத்து வையுங்கள்.

மானிட்டரில் எல்லாரும் வேண்டியதில்லை. முதற்பாடகரின் குரலும் சுருதி தரும் கீபோர்டும் இருந்தால் குழு தடுமாறாது. "எனக்குக் கேட்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், அவருடையதை ஏற்றுமுன் மற்றொன்றைக் குறைத்துப் பாருங்கள்.

4. காதும் அயலாரும்

மேடையில் போட்டி தொடங்கினால் அது தெருவில்தான் முடியும். மானிட்டர் உயர்ந்தால் அதன் சத்தம் முன்வரிசைக்கும் வழியும். தெளிவில்லை என்று மக்களுக்கான ஒலியையும் ஏற்றுவார்கள். அது அடுத்த வீட்டுக்குள் நுழையும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு பெந்தெகோஸ்து சபையின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் குறித்து அயலார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறரின் அமைதியைக் குலைத்துச் செபிக்க வேண்டும் என்று எந்த மதமும் கற்பிக்கவில்லை என 2000 ஆகஸ்டு 30 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன.

பாடுவோரின் காதும் நம் பொறுப்பு. இசை நிகழ்வுகளில் 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. அது உச்ச வரம்பு; வாரந்தோறும் மானிட்டர் முன் நிற்கும் பிள்ளைகளுக்கு அதைவிட எவ்வளவோ குறைவாக இருக்க வேண்டும்.

1967-இல் வெளிவந்த திருவழிபாட்டு இசை பற்றிய உரோமை அறிவுரை, இறைமக்கள் பாடலில் பங்கேற்க ஊக்கமளிப்பதும் பாடகர் குழுவின் கடமை என்கிறது. மக்கள் பாடுவது பாடகருக்குக் கேட்கும் அளவுக்கு மானிட்டர் அடங்கியிருந்தால், அது சரியாக அமைந்துவிட்டது என்று கொள்ளலாம். வரும் ஞாயிறு பல்லவியின்போது பாடகர்கள் சற்றுச் செவிகொடுத்துப் பார்க்கட்டும்: எதிரே மக்கள் பாடுவது கேட்கிறதா?