வயிறு கூப்பிடும் நேரம்

காலையில் நாலு இட்லி சாப்பிட்டு கை கழுவின கொஞ்ச நேரத்துல வயிறு கழிப்பறைக்குக் கூப்பிடுதே, ஏன் தெரியுமா?

இரைப்பைக்குள்ள சாப்பாடு இறங்கினதும், “புதுசு வருது, பழசை நகர்த்து”ன்னு பெருங்குடலுக்கு உத்தரவு போகுது. காலையில்தான் அது ரொம்பச் சுறுசுறுப்பா வேலை செய்யும்.

ஆனா எண்ணூர் சாலையில, துறைமுகத்துக்குள்ள போக வரிசையில நிக்கிற கன்டெய்னர் லாரி ஓட்டுநர் அந்த நேரத்துல எங்கே போவார்? திருவொற்றியூர்ல ஷிஃப்டுக்கு ஓடுறவங்களும் அடக்கிக்கிறாங்க. அடக்க அடக்க, மலத்துல இருக்கிற தண்ணியைப் பெருங்குடல் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மலம் இறுகிடும். மலச்சிக்கல் பல பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்குது.

அதனால, வேலைக்குக் கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எழுந்து சாப்பிடுங்க. சாப்பிட்டதும் கழிப்பறைக்குன்னு அவசரமில்லாம கொஞ்ச நேரம் ஒதுக்குங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களும் வெறும் வயித்தோட படுக்காம, சாப்பிட்டு, கழிப்பறை போயிட்டு அப்புறம் தூங்குங்க. கேழ்வரகுக் கூழ், கீரை, கொய்யான்னு நார்ச்சத்து உள்ளே போகட்டும். வெயில்ல வேர்த்துக் கொட்டுற வேலைன்னா, தண்ணி பாட்டில் எப்பவும் பக்கத்துல இருக்கட்டும்.

மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ, வயித்துவலி, வாந்தி இருந்தாலோ, காரணமில்லாம உடம்பு இளைச்சாலோ, கைவைத்தியத்தோட நிறுத்திக்காதீங்க. ராயபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம்தான். கூச்சப்படாம போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க!