மென்பொருளின் தரத்தை அளத்தல்

கரவனெல்லவைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களில், வெட்டிக் கொணரும் பாலை வாளிக்கணக்கில் மட்டும் மதிப்பதில்லை. மெற்றோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டு, உலர்ந்த இறப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பர். நீர் சேர்ந்தால் அளவு கூடும், சரக்குக் கூடாது. செய்நிரலை வரிக்கணக்கால் மதிப்பதும் வாளிக்கணக்கே.

1976இல் தொமஸ் மக்கேப் என்பார் வேறு வழி கண்டார். நிரலிற் பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்று கூட்டுக என்றார். தொகை 10ஐக் கடப்பின் அப்பகுதியைப் பிரித்தெழுதுதல் நன்று என்பது அவர் துணிபு.

ஆயினும் இவ்வளவையிலும் குறையுண்டு. மூன்று நிபந்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றாலும், ஒன்றனுள் ஒன்றாகப் புதைந்து கிடந்தாலும் விடை 4 என்றே வரும். படித்துத் திருத்துவோனுக்கு இரண்டும் ஒன்றாகுமா? அண்மையில் எழுந்த 'அறிதற் சிக்கல்' என்னும் அளவை, ஆழத்துக்கேற்ப எண்ணை ஏற்றுகிறது. முன்னதற்கு 1+1+1, அதாவது 3. பின்னதற்கு 1+2+3, அதாவது 6.

1994இல் சிதம்பர், கெமரர் என்னும் இருவர், பொருள்நோக்கு நிரல்களுக்கென ஆறு அளவைகளை வகுத்தனர். அவற்றுட் பிணைப்பளவையே பெரும்பயனுடையது என்பது எமது கருத்து. ஒரு பகுதி ஏனைய எத்தனை பகுதிகளைச் சார்ந்துள்ளது என்பதை அது கூறும். ஒன்றைத் திருத்தப் புகுந்து நான்கைக் கெடுக்கக்கூடிய இடம் முன்னரே புலப்படும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் பதிய இலங்கைத் தன்னார்வலர் 'சகானா' என்னும் மென்பொருளை விரைந்து எழுதினர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. எழுதியோர் ஓரிடத்தும் திருத்துவோர் வேறிடத்தும் இருக்கும் இத்தகைய நிரலில், பிணைப்பு மிகுந்தால் ஆபத்துவேளையிலே கைவைக்க எவரும் அஞ்சுவர்.