பழைய வள்ளமும் புதிய இயந்திரமும்

மயிலிட்டியிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தான். "மாமா, இஞ்சின் முடிஞ்சுது. வேறை இஞ்சின் போடுறதோ, போட்டையே மாத்துறதோ? நீங்கள்தான் சொல்ல வேணும்."

1990இல் ஊர் பெயர்ந்த பிறகு நான் கடலுக்குப் போனதில்லை. 2017இல் துறைமுகம் திரும்பக் கிடைத்தபோதும் டூங்கபியில்தான் இருந்தேன். ஆயினும் பணம் அனுப்புபவனிடமே தீர்ப்பும் கேட்கப்படுகிறது. நம்மில் பலரிடம் இக்கேள்வி வரக்கூடும் என்பதால், விசாரித்து அறிந்ததை எழுதுகிறேன்.

அவனுடையது 28 அடிக் கண்ணாடியிழை வள்ளம். ஊரில் மூன்றரைத் தொன் போட் என்பார்கள். இயந்திரம் தேயும் பொருள், அதை மாற்றலாம். எனவே முதலில் பார்க்க வேண்டியது வள்ளத்தின் உடலை. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் நல்ல இடம் கணீரென்னும். இழைப்படை பிரிந்த இடமும் நீர் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். அடுத்தது இயந்திரம் அமரும் மரங்கள். அவை உக்கியிருந்தால் புதிய இயந்திரம் அதிர்ந்து, சுழல்தண்டு நேர் தவறும். உடலே தளர்ந்துவிட்டதென்றால் புது இயந்திரத்துக்குக் கொடுக்கும் காசு வீண்.

இரண்டாவது, குதிரைவலு. பெரிய இயந்திரம் போட்டால் வேகம் பெருகும் என்பது பாதி உண்மையே. இவ்வகை உடல், தன் நீளத்துக்கேற்ற வேகத்தைத் தாண்ட முயலும்போது தான் எழுப்பும் அலையையே ஏற வேண்டியிருக்கிறது. 28 அடிக்கு அந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 7 கடல்மைல். அதை நெருங்க நெருங்க எரிபொருள் கொட்டுகிறது. மாறாக, வேகத்தை 10 வீதம் குறைத்தால் அதே தூரத்துக்கான எரிபொருளில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிஞ்சும். 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், அவ்வாண்டு ஜூனில் 460 ஆனதை மறக்கலாகாது. வலு மாறினால் கியரும் சுழல்விசிறியும் அதற்குப் பொருந்த மாற வேண்டும்; அந்தச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது, புது வள்ளம் தொழிலையே மாற்றிவிடலாம். 2017இல் இந்தியா, தமிழக மீனவர் இழுவைப்படகைக் கைவிட்டு ஆழ்கடலுக்குப் போக 80 லட்சம் ரூபாய்ப் படகுகளுக்கு 70 வீத மானியம் அறிவித்தது. மீதியில் 8 லட்சம் கைப்பணம், 16 லட்சம் கடன். பாக்குநீரிணையில் விடியுமுன் கரை திரும்பிப் பழகியவர் பல நாட்கள் கடலில் தங்கி அக்கடனை அடைக்க வேண்டும். திட்டம் தன் இலக்கை எட்டவில்லை.

உடல் நல்லது, மரங்கள் மட்டும் உக்கல் என்றான். மரங்களை மாற்றி, பழைய வலுவிலேயே இயந்திரம் போடு, மீதிக்கு வலை வாங்கு என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. "இந்திய றோலரைக் கண்டால் ஓட வேகம் வேணும், மாமா."

வலையை ஏற்றி முடிக்குமுன் அது வந்துவிடும், இயந்திரம் பெரிதானாலும் வலை ஏறும் நேரம் குறையாது என்றேன். இலங்கை 2017இல் மடி இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தும் அந்தப் பயம் போகவில்லை. அதற்கு என்னிடம் இயந்திரக் கணக்கு இல்லை. காசை அனுப்பிவிட்டு, முடிவை அவனிடமே விட்டேன். இரவில் அந்தக் கடலில் நிற்கப்போவது அவன்தான்.