இரண்டு முத்திரை பதித்த துப்பாக்கிகள்

சேகரிப்பு என்றதும் நமக்குத் தபால்தலையும் நாணயமும்தான் நினைவுக்கு வரும். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போரும் உலகில் உண்டு. அவர்களில் ஒரு சாரார் தேடுவது புத்தம்புதிதாக இருக்கும் துப்பாக்கியை அல்ல. ஒருமுறை செய்து, பின்னர் பிரித்து மாற்றியமைத்த துப்பாக்கியை. ஏனெனில் மாற்றிய இடத்தில்தான் சரித்திரம் பதிந்திருக்கிறது.

ஜெர்மனியைப் பாருங்கள். முதல் உலகப்போரில் தோற்ற அந்நாடு ஒரு லட்சம் பேருக்கு மேல் ராணுவத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது 1919-ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் ஒப்பந்தம். ஆயுத உற்பத்திக்கும் கட்டுப்பாடு. ஆகவே கையிலிருந்த 1898 மாடல் மவுசர் ரைபிள்களையே பழுதுபார்த்து ஓட்டினார்கள். அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமாக '1920' என்று முத்திரை குத்தினார்கள். 1917-இல் செய்த ரைபிளில் 1920-உம் சேர்ந்து நிற்பது இதனால்தான். 400 மீட்டரில் தொடங்கிய பழைய குறிகாட்டியை நீக்கி, 100 மீட்டரிலிருந்தே குறிபார்க்கும் புதியதைப் பலவற்றில் பொருத்தினார்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் இருந்தால்தான் குண்டு சுழன்று நேராகப் போகும். 1857 எழுச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களுக்கென்று வரியே இல்லாத குழலுடன் ஒரு துப்பாக்கியை ஆங்கிலேயர் கொடுத்தனர். நெடுந்தூரத்தில் குறி தப்பும். பிற்காலத்தில் கல்கத்தாவை அடுத்த ஈஷாப்பூர் தொழிற்சாலையில், .303 ரைபிள்களைப் போலீசுக்காக .410 மஸ்கெட்டுகளாக மாற்றினார்கள். இதிலும் குழலில் வரி கிடையாது. தோட்டாப் பெட்டியின் இடத்தை மரக்கட்டையால் அடைத்துவிட்டதால், ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். தோற்றவனின் கையைக் கட்டியது ஒப்பந்தம். ஆளப்பட்டவனின் கையைக் கட்டியது மரக்கட்டை!

மாற்றாத .303 நெடுங்காலம் நம் போலீசாரிடம் இருந்தது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. நிலையத்தில், தானியங்கித் துப்பாக்கிகளுடன் வந்தவர்களை எதிர்த்தவர்கள் சிலரின் கையில் இருந்ததும் அதுவே. உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடைகொடுத்தார்கள்.

சரி, நாமும் இவற்றைச் சேகரிக்கலாமா? ராணுவத் தோட்டா போடும் ரைபிள்கள் நம் நாட்டில் சாதாரண லைசென்சுக்குக் கிடைக்காது. பொதுமக்களுக்கென்று .315 என்ற தனி அளவில் ரைபிள் செய்வதன் காரணமும் இதுவே.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கும் உள்ள நம்மவர்களுக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் பூர்வீக வீட்டைப் பிரிக்கும்போது, பரணிலிருந்து தாத்தா காலத்துத் துப்பாக்கி வெளிப்படலாம். "துருப்பிடித்ததுதானே, ஞாபகமாக இருக்கட்டும்" என்று மும்பைக்கு எடுத்துவந்துவிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. துரு மட்டும் போதாது.

உள்ளே தோட்டா இருக்கலாம், சிறுவர்களைத் தொடவிடாதீர்கள். லைசென்ஸ்தாரர் காலமாகியிருந்தால், வாரிசுகள் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்சுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. 2019 திருத்தத்தின்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கூடாது.

துப்பாக்கி போனால் கதையும் போய்விட வேண்டியதில்லை. தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம், அதிலுள்ள எண், அது வீட்டுக்கு வந்த விவரம் எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கு ஆயுதங்களைக் காட்ட ஆசையா? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊர் போகும் வழியில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.